நாலாவது எலுமிச்சம்பழம்

தன் புருஷன் செய்த காரை அம்சவேணி முழு வெளிச்சத்தில் பார்த்தது அந்த வெள்ளிக்கிழமை விடியலில்தான். அதுவரை அது சித்தூரில், வேதாச்சலத்தின் பஸ் பாடி கட்டும் கொட்டகைக்குள், பாதி கோணிக்கும் பாதி இருட்டுக்கும் நடுவில் கிடந்தது. முனிரத்தினம் கதவை விரியத் திறந்து அதை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது, மாந்தளிர் நிறத்தில் அது பளபளத்தது. நீண்ட மூக்கு, தரையோடு தாழ்ந்த உடம்பு, இரண்டே இரண்டு இருக்கை. அம்சவேணிக்குக் கண் கலங்கியது. இரண்டு வருஷமாக இரவுச் சோற்றை ஆற வைத்துக்கொண்டு அவள் காத்திருந்ததெல்லாம் இதற்குத்தான்.

முனிரத்தினத்துக்கு டிங்கர் வேலை. பஸ்ஸுக்குத் தகடு வளைப்பதும், அடிபட்ட லாரிகளின் நசுக்கல் எடுப்பதுமாகப் பதினாறு வயசிலிருந்து கையில் சுத்தியல். ஒரு நாள் பெங்களூர் ரோட்டில் யாரோ ஒரு மெட்ராஸ் தனவந்தரின் ஸ்போர்ட்ஸ் கார் காற்று மாதிரி போனதைப் பார்த்தான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவனுக்கு விடவேயில்லை. வேதாச்சலம் நல்ல மனுஷர். விபத்தில் நொறுங்கிய ஒரு பழைய வெளிநாட்டுக் காரை அவர் சில்லறை சாமானுக்காக வாங்கிப் போட்டிருந்தார். அதன் சேஸிஸையும் இஞ்சினையும் அவனிடம் விட்டார். வேலை நேரத்துக்கு அப்புறம் உன் ஆசைக்கு ஏதாவது பண்ணிக்கொள் என்றார். ஒருத்தர் வந்து வாங்கினால் அடுத்ததையும் இங்கேயே கட்டலாம், உன்னையே அதற்கு மேஸ்திரியாக வைக்கிறேன். யாரும் வாங்கவில்லையென்றால் மேலே பலகை அடித்து பங்காருபாளையம் மண்டிக்கு மாங்காய் வண்டியாக விட்டுவிடுவேன், அப்போது மனசு நோகக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். முனிரத்தினம் சரியென்றான். மாங்காய் வண்டியைப் பற்றி அவன் அப்புறம் நினைக்கவேயில்லை.

வாங்க ஒருத்தர் இருந்தார். திருப்பதியில் லாட்ஜ் வைத்திருந்த சிவசங்கரன். வயசு முப்பது இருக்கும். கார் என்றால் உயிர். கொட்டகைக்கு வந்து, பாதி முடிந்திருந்த உடம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். வேலை முடிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை அடிவாரத்துக்குக் கொண்டுவந்து பூஜை போடு, அங்கிருந்து நானே மலை ரோட்டில் நாலு திருப்பம் ஓட்டிப் பார்க்கிறேன், மனசுக்குப் பிடித்தால் வண்டி என்னுடையது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இந்த இரண்டு பேரும் இத்தனை மாசம் வாழ்ந்தார்கள்.

அம்சவேணி ஒரு மஞ்சள் துணியில் பூஜைச் சாமான்களை முடிந்துகொண்டாள். கற்பூரம், குங்குமம், ஒரு தேங்காய், சக்கரத்துக்கு அடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழம். சாறு கட்டிய பழங்களாக ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள். வண்டியின் முன்புறத்தில், கொட்டகையில் இருந்தபோதே திருஷ்டிக்காக அவள் கட்டிவிட்ட எலுமிச்சையும் மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன. காணிப்பாக்கம் போகும் கிளை ரோடு வந்ததும், இருந்த இடத்திலிருந்தே வரசித்தி விநாயகரைக் கும்பிட்டுக்கொண்டாள்.

பாகாலாவைத் தாண்டி ஒரு புளியமர வரிசையில் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். ரோட்டோரம் உட்கார்ந்து, மரத்தில் தலையைச் சாய்த்திருந்தாள். மடியில் ஒரு பித்தளைச் செம்பு. அதன் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. முனிரத்தினம் வண்டியை நிறுத்தினான்.

அவள் பெயர் கன்னியம்மாள். ஊர் கங்காதர நெல்லூர்ப் பக்கம். இரண்டு தடவை தோண்டிப் பொய்த்துப்போன கிணறு மூன்றாவது தடவை ஊறியிருக்கிறது. முதலில் ஊறிய தண்ணீரை மலையடிவாரத்துப் படியில் விடுவதாக வேண்டுதல். ஒரு சொட்டுகூட வழியில் சிந்தக் கூடாது. சித்தூரில் பஸ் ஏறியிருக்கிறாள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் பஸ் குலுக்கிய குலுக்கலில் வாய்த்துணி நனைந்துவிட்டது. பதறிப்போய் இறங்கி, நடக்க ஆரம்பித்தவள்தான். இரண்டு நாளாக வெயில். பித்தம் தலைக்கேறி, காலையிலிருந்து வாந்தி. செம்பு நிறையத் தண்ணீர் மடியில் இருக்கிறது, அது சாமியுடையது. தொண்டை வறண்டு கிடக்கிறது.

அம்சவேணி யோசிக்கவேயில்லை. ரேடியேட்டருக்கென்று எடுத்து வந்த குடத்திலிருந்து டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். மஞ்சள் முடிச்சை அவிழ்த்து, ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, தேங்காய் உடைக்க எடுத்து வந்த அரிவாளின் முனையால் கீறிப் பிழிந்தாள். கட்டுச்சோற்றுக்கு வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை போட்டாள்.

"குடிங்கக்கா. வெயில்ல வந்துகினு இருக்கீங்க."

கன்னியம்மாள் மடக்கு மடக்காகக் குடித்தாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அம்சவேணி புருஷனைப் பார்த்தாள். அவள் பார்வை கேட்டது அவனுக்கும் புரிந்தது. இன்னும் பூஜை போடாத வண்டி, வாந்திக்கு நிறுத்தி நிறுத்திப் போக வேண்டியிருக்கும், பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பித்துவிடும், அதற்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்று அவன் தாழ்ந்த குரலில் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே கூச்சமாக இருந்தது. கன்னியம்மாளே கையை ஆட்டி, நீங்கள் போங்கள், எனக்குக் கால் இருக்கிறது என்று அனுப்பி வைத்தாள்.

அடிவாரத்தில் புது வண்டிகள் வரிசையாக நின்றன. முகூர்த்த நாள். சாமந்திமாலை போட்ட லாரிகள், ஒரு டாக்டரின் கார், இரண்டு டிராக்டர். எதிரே டீக்கடை. அந்த டீக்கடைப் பெஞ்சில்தான் அடிவாரத்து ஜமா உட்கார்ந்திருக்கும்.

அந்த ஜமாவைத் திருப்பதியில் தெரியாதவர்கள் இல்லை. மூன்று பேர். மூன்று பேரிடமும் கார் கிடையாது. நாகபூஷணம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். மெட்ராஸிலிருந்து மோட்டார் பத்திரிகைகளை வரவழைத்துப் படங்களை மனப்பாடம் பண்ணி வைத்திருப்பவர். பேச்சில் பாதி தெலுங்கு. பச்சையப்பன் போட்டோகிராபர், புது வண்டி முன்னால் குடும்பத்தை நிற்க வைத்துப் படம் எடுப்பவர், வாய்த்துடுக்கு அதிகம். மூன்றாமவர் கன்னையா. மலை ரோட்டில் ரொம்ப வருஷம் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். அதிகம் பேச மாட்டார். ஆனால் கடைசி வார்த்தை அவருடையது. மலைக்கு எந்தப் புது வண்டி வந்தாலும் இவர்கள் மூன்று பேரும் தீர்ப்புச் சொல்லாமல் அது நகராது. அதிலும் ஓட்டிப் பார்க்காமல் சொல்ல வேண்டும். அதுதான் அவர்கள் கௌரவம்.

அன்றைக்கு அவர்கள் எல்லைக் கமிஷனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகிறது, சித்தூர் ஆந்திராவிலேயே நிற்கிறது என்று பேப்பரில் வந்திருந்தது. பச்சையப்பனின் தங்கையைத் திருத்தணியில் கொடுத்திருந்தது. கோடு போடுகிறவர்கள் யாராவது ஊருக்கு வந்து பார்த்தார்களா, மேஜை மேல் படத்தை விரித்து வைத்துத்தானே போடுகிறார்கள் என்று அவர் பொருமிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் மாந்தளிர் நிறக் கார் வந்து நின்றது. மூன்று பேரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். சிவசங்கரன் ஏற்கெனவே அங்கே காத்திருந்தார். சாவியைக் கேட்டு வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் அம்சவேணிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சோதனை ஆரம்பமானது. நாகபூஷணம் இருபது அடி தள்ளிப் போய்க் குந்தி, ஒரு கண்ணை மூடி, மூக்கிலிருந்து வால் வரை கோட்டைப் பார்த்தார். "பாகுந்தி" என்றார், அவ்வளவு சுலபத்தில் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடாத மனுஷர். ஒரு விரலால் கதவைத் தள்ளிச் சாத்தினார். கிளிக்கென்று பதிந்தது. பச்சையப்பன் மட்காட்டைச் சுண்டிப் பார்த்து, இது நம்ம பஸ் தகடுதான், முன்ஜென்மத்தில் வேலூர் டவுன் பஸ்ஸாக ஓடியிருக்கும் என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முனிரத்தினமும் சிரித்தான். இஞ்சினை ஓடவிட்டு, கன்னையா ஒரு காசை பானெட் மேல் நெட்டுக்கு நிறுத்தினார். வண்டி கொஞ்சம் அதிர்ந்தாலும் விழுந்திருக்கும்; காசு நின்றது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கன்னையாவே கொஞ்ச நேரம் அந்தக் காசைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மிச்சம் எலுமிச்சம்பழம்தான்.

சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்குவது திருஷ்டி கழிக்க. எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். ஆனால் அடிவாரத்து ஜமாவுக்கு அது ஒரு பரீட்சையும்கூட. நாலு சக்கரத்திலும் பாரம் சமமாக இறங்கினால் நாலு பழமும் ஒரே சத்தத்தில் நசுங்கும், ஒன்று பிந்தினாலும் சேஸிஸில் கோணல் என்பது கன்னையாவின் கணக்கு. நாடி பார்க்கிற வைத்தியரைப் போல அவர் குனிந்து காதைக் கொடுப்பார். இது எப்போது, யார் ஆரம்பித்ததென்று யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தப் பரீட்சையில் தோற்ற வண்டியைத் திருப்பதியில் யாரும் வாங்குவதில்லை.

அம்சவேணி முடிச்சை அவிழ்த்தபோதுதான் மூன்று பழம் இருப்பது நினைவுக்கு வந்தது. பூக்காரியிடம் ஓடினாள். முகூர்த்த நாளானதால் தீர்ந்துவிட்டது, பையன் கூடை கொண்டுவருவான், அரை மணி பொறு என்றாள் பூக்காரி. அர்ச்சகர் ராகு காலம் வந்துகொண்டிருக்கிறது என்று அவசரப்படுத்தினார். அம்சவேணி நாலு பக்கமும் பார்த்தாள். வண்டியின் முன்னால் தொங்கிய திருஷ்டிப் பழம் கண்ணில் பட்டது. அது முதலிலிருந்தே இந்த வண்டியோடு இருந்த பழம். வண்டிக்கு வந்த கண்ணையெல்லாம் வாங்கிக்கொண்ட பழம். இதைவிடப் பொருத்தமானது வேறு எது என்று அவள் மனசு சொன்னது. நூலை அறுத்து எடுத்தாள். கெட்டியாக இருந்தது. பரவாயில்லை என்று வலது பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தாள்.

கற்பூரம் காட்டினார்கள். சாவியை ஒரு நிமிஷம் திரும்ப வாங்கி, முனிரத்தினம் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடித் திறந்து, வண்டியை முன்னால் நகர்த்தினான். மூன்று பழங்கள் ஒரே சமயத்தில் பட்டென்று வெடித்தன. நாலாவது நசுங்காமல், பின்சக்கரத்துக்கு அடியிலிருந்து வழுக்கித் தெறித்து, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே உருண்டு போய், டீக்கடைப் பெஞ்சின் காலில் முட்டி நின்றது.

குனிந்திருந்த கன்னையா மெதுவாக நிமிர்ந்தார். முனிரத்தினத்தைப் பார்க்காமல் சிவசங்கரனைப் பார்த்துச் சொன்னார்.

"வலது பின்சக்கரத்துல பாரம் எறங்கல. சேஸிஸ் முறுக்கிக்கினு கீது. மலைத் திருப்பத்துல தூக்கிடும் சார்."

அம்சவேணி முன்னால் வந்தாள். இத்தனை ஆண்களுக்கு நடுவில் அவள் பேசியதே கிடையாது.

"அது காஞ்ச பழங்க. திருஷ்டிக்குக் கட்டினது. நான்தான் அவுத்து வெச்சேன்."

பச்சையப்பன் அவளைப் பார்த்துச் சிரித்தார். "சாமிக்குக் காஞ்ச பழத்தை வெப்பாங்களாம்மா? வூட்டுக்காரரு மேல பாசம் இருக்க வேண்டியதுதான்."

சுற்றி நின்றவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். அம்சவேணிக்கு முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. வழியில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். கொடுத்ததை இங்கே நின்று சொல்லிக்காட்டுவதா என்று நாக்கு எழவில்லை.

முனிரத்தினம் இறங்கி வந்து சாவியை நீட்டினான். "ஒரு தபா ஓட்டிப் பாருங்க சார். முதல் திருப்பம் வரைக்கும் போதும்."

ஓட்டிப் பார்த்துச் சொல்வதென்றால் எவனும் சொல்லிவிடுவான், அப்புறம் நாங்கள் எதற்கு என்று நாகபூஷணம் தெலுங்கில் சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சிவசங்கரன் கெட்டவர் அல்ல. அவர் கண் காரின் மேலேயே இருந்தது. கை ஒரு முறை நீண்டது. சுற்றிலும் நின்ற முகங்களை ஒரு தடவை பார்த்தார். கையை இழுத்து, சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"அப்பால பாக்கலாம் முனிரத்தினம்" என்றார்.

அவ்வளவுதான். கூட்டம் அடுத்த லாரிக்குப் போய்விட்டது. புதுப் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு பூக்காரியின் பையன் அப்போதுதான் வந்து சேர்ந்தான்.

வெயில் தாழட்டுமென்று ஒரு சத்திரத்து நிழலில் காத்திருந்துவிட்டு, பிற்பகலில் திரும்பினார்கள். கட்டுச்சோற்றை யாரும் தொடவில்லை. சந்திரகிரி தாண்டும்வரை முனிரத்தினம் வாயைத் திறக்கவில்லை. கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில். அம்சவேணிக்கு அந்த மௌனம்தான் தாங்க முடியவில்லை. திட்டினால்கூட நன்றாயிருக்கும்.

"என்னாலதான் மாமா" என்றாள். "அந்தப் பழத்தை அவங்களுக்குப் புழிஞ்சு குடுக்காம இருந்திருந்தா."

அவன் எதிரே வந்த மாட்டுவண்டிக்கு வழிவிட்டு ஓரம் கட்டினான். பிறகு, "அவங்க குடிச்சாங்க இல்ல" என்றான்.

அதையடுத்த வளைவில் கன்னியம்மாளைப் பார்த்தார்கள். எதிரே வந்துகொண்டிருந்தாள். வந்துகொண்டிருந்தாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒரு காலை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பாதம் வெடித்து, கிழிந்த முந்தானைத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். செம்பை மட்டும் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். அடிவாரம் இன்னும் வெகு தூரம்.

அம்சவேணிக்குப் பயமாக இருந்தது. இந்த முகத்தைப் பார்த்தால் அவன் மனசு என்ன பாடுபடும்? பேசாமல் தாண்டிப் போய்விட்டால் தேவலை என்று ஒரு கணம் அவளே நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிற்பாடு எத்தனையோ நாள் சாமி படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முனிரத்தினம் வண்டியை நிறுத்தினான்.

"மயக்கம் தெளிஞ்சுதாக்கா?"

தெளிஞ்சுதுப்பா, உன் பெண்டாட்டி மவராசி, அவள் வயிறு குளிரணும் என்றாள் கன்னியம்மாள். அவன் இறங்கிப் போய்க் கதவைத் திறந்து பிடித்தான். அவள் செம்பைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், தயங்கினாள். இத்தனை தூரம் நடந்ததெல்லாம் கடைசியில் வீணாகிவிடுமே என்ற கவலை அவள் முகத்தில் தெரிந்தது.

"சிந்தாதுக்கா" என்றான் முனிரத்தினம். "நான் கட்டின வண்டி."

அன்றைக்கு அவன் தன் வண்டியைப் பற்றிச் சொன்ன ஒரே பெருமை அதுதான்.

கன்னியம்மாள் ஏறி உட்கார்ந்து செம்பை மடியில் வைத்துக்கொண்டாள். அம்சவேணி பின்னால், சாமான் வைக்கச் செய்திருந்த சின்ன மேடையில் ஒண்டிக்கொண்டாள். முனிரத்தினம் வண்டியைத் திருப்பினான். காலையில் சிரித்த கூட்டம் இருக்கும் இடத்துக்கே அவன் திரும்பப் போகிறான் என்பது அம்சவேணிக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த முதுகு ஒரு தடவைகூடக் கூனவில்லை.

ரோடு அங்கங்கே பெயர்ந்து கிடந்தது. மாட்டுவண்டிச் சக்கரங்கள் அறுத்த பள்ளங்கள். வண்டி எல்லாவற்றின் மேலும் தண்ணீரில் ஓடம் போவதுபோலப் போனது. மேடையில் பிடிமானமில்லாமல் உட்கார்ந்திருந்த அம்சவேணிக்கே ஒரு உலுக்கல் தெரியவில்லை. இரண்டு வருஷம் ஒவ்வொரு ஸ்பிரிங் பட்டையையும் கழற்றித் தேய்த்து மாட்டி, மறுபடியும் கழற்றித் தேய்த்து மாட்டிய கை அது. காற்று முகத்தில் அடித்தது. இந்த ஒரு சவாரிக்காகவாவது தான் பிறந்தது சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. உடனே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடிவாரத்தில் சாயங்காலப் பொழுது. பெஞ்சில் அதே மூன்று பேர். பச்சையப்பன் முதலில் பார்த்தார். ரிடர்ன் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், காலையில் ரேஸ் கார், இப்போது பாசஞ்சர் பஸ் என்றார். முனிரத்தினம் காதில் விழாதவன்போல் இறங்கி, கன்னியம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டான். அவள் நின்று, செம்பின் வாயில் கையை வைத்துத் தடவினாள். மறுபடியும் தடவினாள். முகம் மலர்ந்தது.

"நடக்கறப்பகூட இந்தத் துணி ஈரமாவே இருந்துது நைனா. உன் வண்டியில ஏறினப்புறம் காஞ்சே போச்சு பாரு."

அவள் பேச்சு எப்போதுமே உரக்கத்தான். பெஞ்சு வரைக்கும் கேட்டது. கன்னையா டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். எழுந்து வந்தார். எந்த ஊரம்மா, எங்கே ஏறினாய் என்று கேட்டார். சந்திரகிரிக்கு அந்தப் பக்கம் என்றாள். அவர் விரலை நீட்டி வாய்த்துணியைத் தொட்டுப் பார்த்தார். துணிக்குக் கீழே, விளிம்பு வரைக்கும் தண்ணீர். அந்த ரோட்டை அவருக்கு ரொம்ப வருஷமாகத் தெரியும். எந்த இடத்தில் எந்தப் பள்ளம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

இவர் இப்போது ஏதாவது சொல்வார் என்று அம்சவேணி காத்திருந்தாள். ஒரே ஒரு வார்த்தை. பெஞ்சிலிருந்து பச்சையப்பன், என்ன அண்ணாத்தே, தண்ணியிலயும் ஜோசியமா என்று கேட்டுச் சிரித்தார். கன்னையாவின் விரல் துணியிலிருந்து எடுபட்டது. ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். டீ ஆறிப்போயிருந்தது. அவர் குடிக்கவில்லை.

கன்னியம்மாள் முதல் படியில் துணியை அவிழ்த்து, கோவிந்தா என்று சொல்லித் தண்ணீரை விட்டாள். கல் நனைந்து கருத்தது. உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து வந்து, முனிரத்தினத்தின் தலையிலும், அம்சவேணியின் தலையிலும், கடைசியாகக் காரின் நீண்ட மூக்கிலும் தெளித்தாள். அந்தக் காருக்கு நடந்த பூஜையென்றால் அம்சவேணிக்கு எப்போதும் அதுதான் நினைவில் நின்றது.

சனிக்கிழமை வேதாச்சலம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் காதுக்குச் சங்கதி பஸ்ஸிலேயே வந்துவிட்டது. சித்தூரில் டீக்கடைக்கு டீக்கடை, கோணல் வண்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். சிவசங்கரன் வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. இன்னும் பத்து நாள் பார்க்கலாமே, அவசரமில்லை என்று வேதாச்சலம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பங்காருபாளையத்தில் மாங்காய் வரத்து ஆரம்பித்துவிட்டது, மண்டிக்காரர்கள் வண்டிக்கு அலைகிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. முனிரத்தினத்துக்கே அது தெரியும்.

புதன்கிழமை அவன் சுத்தியலும் உளியும் எடுத்தான். கொட்டகையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். நான் வெட்டுகிறேன் மேஸ்திரி, நீ வீட்டுக்குப் போ என்று ஒருத்தன் சொல்லியிருக்கிறான். வேண்டாம், எங்கே ரிவெட் அடித்திருக்கிறதென்று எனக்குத்தான் தெரியும், நீ அடித்தால் தகடு கிழிந்துவிடும் என்றானாம். மத்தியானச் சோறு கொண்டுபோன அம்சவேணி வாசலிலேயே நின்றுவிட்டாள். நீண்ட மூக்கைத் தனியாகக் கழற்றி, கீறல் விழாமல் கோணி விரித்து, அதன் மேல் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தான். தூங்குகிற குழந்தையைப் படுக்க வைக்கிறவன் அப்படித்தான் வைப்பான். அவர்களுக்குக் குழந்தை கிடையாது. அவள் சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் சேஸிஸ் மேல் பலகைகள் ஏறிவிட்டன. சனிக்கிழமை காலையில் மண்டி ஆள் வந்து ஓட்டிப் போனான். எடுத்த எடுப்பில் ஓட்டிப் பார்த்து, பரவாயில்லையே, வெண்ணெய் மாதிரி போகிறதே என்று சொன்னான்.

அன்று உச்சிவெயிலில் அம்சவேணி வீட்டு வாசலில் ஒருத்தர் வந்து நின்றார். முதலில் அடையாளம் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த மனுஷர் தெருவில் நிற்கும்போது ரொம்பக் கிழடாகத் தெரிந்தார். கன்னையா. பஸ்ஸில் வந்திருக்கிறார். கையில் ஈரத்துணியில் சுற்றிய சின்னப் பொட்டலம்.

"முனிரத்தினம் இருக்காரா? வண்டியை ஒரு தபா ஓட்டிப் பாக்கலாம்னு வந்தேன். சிவசங்கரன் சாரும் சாயங்காலம் வரேன்னாரு. நான்தான் போய்ச் சொன்னேன்."

பொட்டலத்தைத் திறந்தார். நாலு எலுமிச்சம்பழம். மஞ்சளாய், சாறு கட்டி, தோல் பளபளவென்று. அந்த நாலையும் அவர் எத்தனை கூடை கிளறிப் பொறுக்கியிருப்பார் என்பது அம்சவேணிக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அவளும் அப்படிப் பொறுக்கியவள்தானே.

"புதுசா வெச்சுப் பூஜை போட்டுடலாம்மா. அன்னிக்கு நான் வாயைத் தொறந்திருக்கணும். அந்தத் துணியைத் தொட்டப்பவே தெரியும்."

வீட்டுக்குப் பக்கச் சந்தில், முனிரத்தினம் முந்தின நாள் தூக்கி வந்து வைத்த மாந்தளிர் நிற மூக்கு சுவரில் சாய்ந்திருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். அவரும் பார்த்தார். ஒரு நிமிஷம் புரியாமல் நின்றவர், பிறகு மெதுவாக அதன் பக்கத்தில் போனார். குனிந்து, வளைந்த விளிம்பில் கை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தடவினார். அன்றைக்குக் காசை நிறுத்திய இடத்தில் கை நின்றது. பழங்கள் இன்னொரு கையில் இருந்தன. அவற்றை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் மேல் கோபம் வரும் என்று அம்சவேணி நினைத்திருந்தாள். எத்தனையோ ராத்திரி அந்த மூன்று பேரையும் மனசுக்குள் நிறுத்தி வைத்து, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டிருந்தாள். இப்போது எதிரில் நிற்பவர் வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார். சாப்பிட்டு வந்தவராகவும் தெரியவில்லை. செய்ய வேண்டியதைப் பிந்திச் செய்ய வந்தவர். ஆனாலும் வந்தவர். வராமலே இருந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சாமி படத்துக்கு முன்னால் ஒரு பழத்தை வைத்தாள். இன்னொன்றை அறுத்தாள். ஒரு சொட்டுச் சாறு காலையில் காய் நறுக்கியபோது விரலில் விழுந்த வெட்டுக்காயத்தில் பட்டுச் சுரீரென்றது. பிழிந்து, உப்புப் போட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கன்னையா வாங்காமல் தலை குனிந்து நின்றார். தெருக்கோடியில் வேதாச்சலத்தின் கொட்டகையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. முனிரத்தினம் ஏதோ ஒரு பஸ்ஸுக்கு நசுக்கல் எடுத்துக்கொண்டிருந்தான். சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"குடிங்கண்ணா" என்றாள் அம்சவேணி. "வெயில்ல வந்திருக்கீங்க."